‘ஊசி குத்திட்டு, சிஸ்டர்!’

புதன்கிழமை என்றால் தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி நாள். திருநெல்வேலி – தென்காசி சாலையில் பாவூர்சத்திரத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலும் அப்படித்தான். காய்கறிச் சந்தைக்குச் சரக்கு இறக்கிய வேன்கள் திரும்பிப் போகிற நேரத்தில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பீடித் தட்டைக் கொஞ்சநேரம் ஒதுக்கி வைத்துவிட்டு வந்தவர்களும் அந்த வரிசையில் உண்டு. ஊசி போட்டதும் பிள்ளை வீறிடும். எல்லார் கண்ணும் பிள்ளையின் மேல் போகும். அந்த நொடியில் செவிலியரின் கை என்ன செய்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

அந்தக் கை ஒரு முக்கியமான வேலையைச் செய்கிறது. ஊசிக்குத் திரும்ப மூடி போடுவதில்லை. சிரிஞ்சை மேசையில் வைப்பதும் இல்லை. பக்கத்திலேயே இருக்கும், ஊசியை வெட்டும் கருவியான ஹப் கட்டருக்குள் விட்டு ஓர் அழுத்து. ஊசி துண்டாகி உள்ளே விழுகிறது. மிச்சமுள்ள பிளாஸ்டிக் சிவப்புப் பைக்குப் போகிறது. இரண்டு மூன்று நொடியில் முடிகிற வேலைதான். அது ஒழுங்காக நடந்ததால்தான், சாயங்காலம் அந்தப் பையைத் தூக்கிக் கட்டும் தூய்மைப் பணியாளரின் கையில் எதுவும் குத்தாமல் இருக்கிறது.

எல்லா இடத்திலும், எல்லா நாளும் அப்படி அமைவதில்லை. “ஊசி குத்திட்டு, சிஸ்டர்!” என்று ஒரு குரல் எழாத மருத்துவமனை அபூர்வம். அதைவிடக் கவலைக்குரியது, எழ வேண்டிய அந்தக் குரல் பல நேரம் எழாமலே போவது. ‘கவனம் இல்லாம வேலை பார்த்தா இப்படித்தான்’ என்று ஏச்சு விழுமோ, வேலை போய்விடுமோ, ‘அவளுக்கு என்னமோ வியாதியாம்’ என்று பேச்சு வந்துவிடுமோ என்கிற பயத்தில், ரத்தத்தைத் துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறவர்கள் ஏராளம். குத்தாமல் பார்த்துக்கொள்கிறவரையும், குத்தியதைத் துணிந்து சொல்கிறவரையும் பாராட்டும் பழக்கம் நம் மருத்துவமனைகளில் வேரூன்ற வேண்டும் என்பதற்கு இந்தப் பயம் ஒன்றே போதுமான காரணம்.

ஒரு துளி போதும்

நோயாளியின் உடலில் ஏறி இறங்கிய ஊசி இன்னொருவரின் தோலைத் துளைத்தால், ரத்தத்தின் வழியே பரவும் நோய்கள் அவருக்கும் தொற்றலாம். இருபதுக்கும் மேற்பட்ட நோய்க்கிருமிகள் இப்படிப் பரவக்கூடியவை. அவற்றில் மூன்று முக்கியமானவை: ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி.

பெரும்பாலானவர்கள் அஞ்சுவது எச்.ஐ.வி.க்குத்தான். ஆனால் எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் தொற்றுவதற்கான வாய்ப்பு சுமார் 0.3 விழுக்காடு, அதாவது ஆயிரம் குத்துகளில் மூன்று. ஹெபடைடிஸ் சி என்றால் ஏறக்குறைய 2 விழுக்காடு. தடுப்பூசி போடாத ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்போ 30 விழுக்காடு வரை போகும். இந்த வைரஸ் உடலுக்கு வெளியே, உலர்ந்த ரத்தக் கறையில்கூட ஏழு நாள் வரை உயிர்ப்போடு இருக்கும். மூன்றிலும் எளிதில் தொற்றக்கூடிய இதற்குத்தான் நல்ல தடுப்பூசி இருக்கிறது. மூன்று தவணை போட்டுக்கொண்டால் பெரும்பாலானவர்களுக்கு நீண்ட காலப் பாதுகாப்பு கிடைத்துவிடும்.

2000ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கிட்டது. உலகின் மூன்றரைக் கோடி சுகாதாரப் பணியாளர்களில் ஆண்டுக்கு 30 லட்சம் பேர் இப்படி ஊசி, பிளேடு போன்றவற்றால் காயப்பட்டு நோய்க்கிருமிக்கு ஆளாகிறார்கள். அதன் விளைவாக 66,000 பேருக்கு ஹெபடைடிஸ் பி, 16,000 பேருக்கு ஹெபடைடிஸ் சி, சுமார் ஆயிரம் பேருக்கு எச்.ஐ.வி. தொற்று. பெரும்பகுதி நம்மைப் போன்ற வளரும் நாடுகளில்.

குற்றம் கையிலா, கருவியிலா?

பாவூர்சத்திரத்துப் பெரியவர்களைக் கேட்டால், கம்பவுண்டர் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, அடுத்தவருக்குக் குத்திய காலத்தை நினைவுகூர்வார்கள். அந்தக் காலம் மாறியதில் எச்.ஐ.வி. பற்றிய அச்சத்துக்குப் பெரிய பங்குண்டு. இந்தியாவில் அந்தக் கிருமி இருப்பது முதலில் உறுதியானது 1986இல், நம் சென்னையில். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்ன யோசனையை ஏற்று, அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களைத் தேடிப் போய்த் தம் கையாலேயே ரத்த மாதிரிகளை எடுத்தார். பாதுகாத்து வைக்க வசதி இல்லாததால் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, பிறகு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். சுனிதி சாலமனுக்கு, மறைவுக்குப் பின் 2017இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஊசியைக் கையில் பிடித்த நிர்மலாவின் பெயரோ சுமார் முப்பது ஆண்டுகள் பொதுமக்களுக்கு அவ்வளவாகத் தெரியாமலே இருந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜானின் ஜாகர் என்ற நோய்ப்பரவல் ஆய்வாளர் ஒரு எளிய கேள்வியைக் கேட்டார். செவிலியருக்கு ஊசி குத்துகிறதே, எந்த ஊசி, எந்த வேலையில் குத்துகிறது? அவர்களுடைய மருத்துவமனையில் பத்து மாதங்களில் நடந்த 326 காயங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். மூன்றில் ஒன்று, ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டும்போது நேர்ந்திருந்தது. பயன்படுத்தியபின் கையால் கழற்ற வேண்டிய கருவிகள், சாதாரண சிரிஞ்சுகளைவிடப் பல மடங்கு அதிகம் குத்தியிருந்தன. 1988இல் வெளியான அந்த ஆய்வு, ‘கவனக்குறைவு’ என்று பணியாளரை மட்டும் குறை சொல்லிவந்த வழக்கத்தை அசைத்தது. வேலை முடிந்ததும் முனை தானாக உள்ளிழுத்துக்கொள்ளும் ஊசிகளும், கவசம் மூடிக்கொள்ளும் ஊசிகளும் பரவ அதுவும் ஒரு தூண்டுதல். காயங்களை ஒரே முறையில் பதிவு செய்ய அவர் உருவாக்கிய ‘எபிநெட்’ முறையைப் பல நாடுகள் எடுத்துக்கொண்டன. 2002இல் ஜாகருக்கு மெக்கார்தர் ஃபெலோஷிப் என்ற பெரும் கௌரவம் கிடைத்தது.

ஒரு செவிலியர் எழுதவைத்த சட்டம்

கேரன் டேலி பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் அவசர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர். 1998 ஜூலையில் ஒருநாள், நோயாளிக்கு ரத்தம் எடுத்தபின் ஊசியைக் கழிவுப் பெட்டியில் போடக் கை நீட்டினார். ஏற்கெனவே பெட்டிக்குள் கிடந்த வேறொரு ஊசி அவர் விரலில் குத்தியது. அவர் எந்த விதியையும் மீறவில்லை, கையுறையும் போட்டிருந்தார். சில மாதங்களில் அவருக்கு எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் தொற்றியிருப்பது தெரியவந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நேசித்துச் செய்த நேரடி நோயாளிப் பணியை விட வேண்டியதாயிற்று.

டேலி அதை மறைக்கவில்லை. தம் நோயைத் தாமே வெளியில் சொன்னார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார். நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். 2000 நவம்பர் 6ஆம் நாள் அதிபர் பில் கிளின்டன், ஊசிக் குத்தைத் தடுப்பதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். பாதுகாப்பான ஊசிகளை மருத்துவமனைகள் வாங்க வேண்டும், ஒவ்வொரு காயத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும், எந்தக் கருவி வாங்குவது என்பதில் அதைக் கையில் பிடித்து வேலை பார்க்கிறவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று அது சொன்னது. 2010இல் டேலி அமெரிக்கச் செவிலியர் சங்கத்தின் தலைவரானார். குத்துப்பட்டவரை ஒதுக்காமல், அவர் பேச்சுக்குச் செவிகொடுத்ததால் ஒரு நாட்டின் சட்டம் மாறியது.

நம் சட்டம் சொல்வது

நம் நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. 1998இல் வந்த மருத்துவக் கழிவு விதிகளுக்கு மாற்றாக 2016 மார்ச்சில் புதிய விதிகள் வந்தன. மருத்துவமனைகளில் நாம் பார்க்கும் மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை என்ற நிறங்களெல்லாம் அவற்றின்படிதான். ஊசி, பிளேடு போன்ற கூர்மையான உலோகப் பொருள்கள் எல்லாம் வெள்ளைப் பெட்டிக்குத்தான் போக வேண்டும். அந்தப் பெட்டி, உள்ளே இருப்பது தெரியக்கூடியதாக, துளைக்க முடியாததாக, ஒழுகாததாக, இடையில் திறந்து கலைக்க முடியாததாக இருக்க வேண்டும். கழிவைக் கையாளும் எல்லாருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டியதும், வேலைக்குச் சேரும்போதும் ஆண்டுக்கு ஒரு முறையாவதும் உடல் பரிசோதனை செய்ய வேண்டியதும் மருத்துவமனையின் கடமை. பாவூர்சத்திரம் மெயின் ரோட்டில் உள்ள சிறு கிளினிக்குக்கும், ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கும், தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனைக்கும், ஊர்க்காரர்கள் ‘ஐகிரவுண்டு’ என்று சொல்லும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் இது பொது.

இன்னொரு சட்டம் பலருக்குத் தெரியாது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், சுகாதாரப் பணி செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் தன் பணியாளர்களுக்குப் பாதுகாப்பான பணியிடத்தைத் தர வேண்டும் என்கிறது. கையுறை முதலான முன்னெச்சரிக்கைப் பொருள்கள், அவற்றைப் பயன்படுத்தப் பயிற்சி, கிருமிக்கு ஆளானால் தடுப்பு மருந்து மூன்றும் பணியாளருக்குச் சேர வேண்டியவை. மருத்துவர், செவிலியர், லேப் டெக்னீஷியன் தொடங்கி, ஒப்பந்தத்தில் கூட்டிப் பெருக்க வந்தவர் வரை இதைக் கேட்டுப் பெறலாம்.

விதி மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதை, குஜராத்தின் மோடாசாவில் 2009இல் பரவிய ஹெபடைடிஸ் பி காட்டியது. ஒருவருக்குப் போட்ட சிரிஞ்சையே மற்றவருக்கும் போட்டதால் பரவிய நோயில் பலர் மாண்டார்கள். அதற்கு மறுபக்கம், கொரோனா காலம். 2022 ஜூலை 17இல் இந்தியா 200 கோடித் தவணை தடுப்பூசியைத் தாண்டியது. அத்தனை கோடி ஊசிகளையும் எடுத்துப் போட்டு, வெட்டி, பெட்டியில் சேர்த்தவை பெரும்பாலும் செவிலியர்களின் கைகளே. தவணைகளின் எண்ணிக்கையை நாடு கொண்டாடியது. அந்த ஊசிகள் பத்திரமாகப் பெட்டிக்குப் போன கதையை யாரும் பேசவில்லை.

பரிசுகள் இருக்கின்றன, போதவில்லை

பாராட்டும் முயற்சிகள் நம்மிடம் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. மத்திய அரசு 1973இல் ஏற்படுத்திய தேசிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் விருது, சிறந்த செவிலியர்களுக்குக் குடியரசுத் தலைவரின் கையால் கிடைக்கிறது. தமிழ்நாட்டுச் செவிலியர்களும் பெற்றிருக்கிறார்கள். 2015 மே 15இல் தொடங்கிய ‘காயகல்ப்’ திட்டம், தூய்மையிலும் நோய்த்தொற்றுத் தடுப்பிலும் சிறக்கும் அரசு மருத்துவமனைகளுக்குப் பரிசு தருகிறது. பெரிய மாநிலங்களில் முதலிடம் பெறும் மாவட்ட மருத்துவமனைக்கு 50 லட்சம் ரூபாய். ஒவ்வொரு மாவட்டத்திலும் சிறந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 2 லட்சம் ரூபாய் என்று திட்டம் வகுத்தது. கூர்மையான கழிவுகளை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதற்கு அதில் தனியே மதிப்பெண் உண்டு. பரிசுத் தொகையில் கால் பங்கு பணியாளர்களுக்கு ஊக்கத்தொகையாகப் போக வேண்டும் என்ற ஏற்பாடும் நல்லது.

ஆனாலும் இவை பெரும்பாலும் கட்டடத்துக்கும் நிறுவனத்துக்கும் கிடைக்கும் பரிசுகள். ‘வார்டில் பெட்டி நிறைந்து வழியுது, மாத்துங்க’ என்று பத்துத் தடவை சொல்லி மாற்றவைத்த உதவிச் செவிலியரை எந்தப் பட்டியலும் கண்டுகொள்வதில்லை. மஞ்சள் பையில் ஊசி கிடந்ததை எடுத்துக் காட்டி, அந்த வார்டையே திருத்திய தூய்மைப் பணியாளருக்கு மேடை கிடைப்பதில்லை. புதிதாகச் சேர்ந்த மாணவிகளுக்கு ‘மூடியே ஆகணும்னா ஒரு கையால மூடி எடுக்கப் பழகு, ரெண்டு கையால மூடாதே’ என்று நின்று சொல்லித்தரும் மூத்த சிஸ்டரின் பெயர், அந்த மாணவிகளின் நினைவில் மட்டுமே இருக்கும்.

இவர்களை அடையாளம் காண லட்சங்கள் தேவையில்லை. ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஊசிக் குத்துப் பதிவேடு ஒன்றை வைத்து, மாதம் ஒருமுறை எல்லாரையும் உட்காரவைத்து வாசிக்கலாம். குத்துப்பட்டவரின் பெயரை விட்டுவிட்டு, எந்த இடத்தில், எந்த வேலையில், ஏன் குத்தியது என்பதை மட்டும் பேசலாம். அந்த மாதத்தில் ஓர் ஆபத்தைக் கண்டு சொன்னவரை எல்லார் முன்னிலையிலும் பாராட்டலாம். செவிலியர் தினமான மே 12இலோ, உலக நோயாளர் பாதுகாப்பு நாளான செப்டம்பர் 17இலோ அதைச் செய்யலாம். 2020இல் அந்த நாளுக்கு உலக சுகாதார நிறுவனம் தேர்ந்தெடுத்த பொருளே, பணியாளரின் பாதுகாப்பு நோயாளியின் பாதுகாப்புக்கு முதன்மையானது என்பதுதான். பதிவேட்டில் காயங்களின் எண்ணிக்கை திடீரென்று கூடினால் மேலதிகாரிகள் கோபப்படக் கூடாது. சொல்லப் பயந்தவர்கள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள் என்பதே பல நேரம் அதற்குக் காரணம்.

மருத்துவமனைக்கு வெளியே

2024 டிசம்பரில் திருநெல்வேலிக்கு மேற்கே நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதிகளில் திருவனந்தபுரத்து மருத்துவமனைகளின் கழிவுகள் கொட்டிக் கிடந்தன. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி கேரளத்துக்குப் போகிறது. அங்கிருந்து குப்பை இங்கே வருகிறதா என்று மக்கள் கொதித்தார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டபின், கேரள அதிகாரிகளே வந்து லாரிகளில் அள்ளிப் போனார்கள். மருத்துவக் கழிவைக் கொட்டுவோரைத் தடுப்புக் காவலில் வைக்க வழி செய்யும் சட்டத் திருத்தத்தை 2025இல் தமிழ்நாடு சட்டப் பேரவை நிறைவேற்றியது. அப்படிக் கொட்டப்படும் குவியலில் ஆடு மேய்க்கிறவரின் காலும், பழைய பிளாஸ்டிக் பொறுக்குகிறவரின் விரலும்தான் முதலில் படும்.

லாரியில் வருவது ஒருபுறம் இருக்க, நம் வீட்டிலிருந்து போவதும் உண்டு. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் இப்போது தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அந்தத் திட்டம் 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையும் பெற்றது. ஆனால் போட்டு முடித்த இன்சுலின் ஊசி பல வீடுகளில் காய்கறித் தோலோடு சேர்ந்து குப்பைக்குப் போகிறது. மறுநாள் காலையில் தூய்மைப் பணியாளர் அந்தப் பையைக் கையால்தான் பிரிக்கிறார்.

தீர்வு வீட்டிலேயே இருக்கிறது. கெட்டியான, மூடி திருகக்கூடிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து ‘ஊசி’ என்று எழுதி ஒட்டுங்கள். போட்டு முடித்த ஊசியை உடனே அதில் போடுங்கள். முக்கால் டப்பா நிறைந்ததும் இறுக மூடி, தூய்மைப் பணியாளரிடம் ‘இதுல ஊசி இருக்கு’ என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். அல்லது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுச் சேருங்கள்.

குத்திவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் குத்திவிடலாம். குத்தினால் விரலை வாயில் வைக்கக் கூடாது. பிதுக்கி ரத்தம் எடுக்கக் கூடாது. ஸ்பிரிட்டோ பிளீச்சிங் பவுடரோ போட்டுத் தேய்க்கக் கூடாது. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். உடனே பொறுப்பு மருத்துவரிடமோ மூத்த செவிலியரிடமோ சொல்ல வேண்டும். எந்த நோயாளிக்குப் போட்ட ஊசி என்று தெரிந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவருக்குத் தடுப்பூசியும், தேவைப்பட்டால் இம்யூனோகுளோபுலின் ஊசியும் சீக்கிரம் போட வேண்டும். எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து இருக்கிறது என்று மருத்துவர் கருதினால் 28 நாள் மாத்திரை தருவார். பாதியில் நிறுத்தாமல் 28 நாளும் சாப்பிட வேண்டும். பிறகு சொன்ன நாள்களில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

சந்தையை ஒட்டிய ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறவராக இருந்தாலும் சரி, பேரூராட்சித் தூய்மைப் பணியாளராக இருந்தாலும் சரி, ‘ஊசி குத்திட்டு’ என்று சொல்ல எந்த வெட்கமும் வேண்டாம். அப்படிச் சொல்ல வருகிறவரை முதலாளியும் மருத்துவரும் ஏசாமல், கையோடு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 72 மணி நேரம் கடந்துவிட்டால் அதைத் தொடங்கிப் பயனில்லை. அந்த மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது.